நம்பியாரூரரும் ஊர்வரவும்

(குடமுழுக்கு நன்னாளுக்கு முதல்நாள் மாலை, திருக்கோயில் முன்மண்டபத்தில் நிகழ்ந்த சொற்பொழிவு)



யாகசாலையில் மாலை வேள்வி நிறைவுற்றுப் பேரொளி வழிபாடும் கண்டு மகிழ்ந்து அமர்ந்திருக்கின்றீர்கள். பெரியபுராணத்திலிருந்து சில சொல்லுக என்று அடியேனைப் பணித்தனர். எதனைச் சொல்வது என்று எண்ணிக்கொண்டே வந்தேன். இவ்வவையைக் கண்டதும் ஐயம் நீங்கிற்று. ஈண்டு அமர்ந்திருப்போருட் பலர் இவ்வூரிற் பிறந்தவர். ஆயின் இவ்வூரில் வாழ்பவரல்லர். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்தோர் உளர். கடல் கடந்து சிங்கப்பூர், மலேசியா, இலண்டன் முதலிய இடங்களிலிருந்து வந்தோரும் உளர். ஆதலின், ஊர்விட்டு ஊர் சென்றார் மீண்டு வருதலைக் குறித்தே சில சொல்லத் துணிந்தேன்.

சேய்மையில் வாழ்தல் நம்மவர்க்குப் புதிதன்று. ஒரு காலத்தில் நாகப்பட்டினத்திற் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போயினர். 'ரஜூலா' என்னும் கப்பலின் பெயரை இப்பகுதி முதியோர் இன்றும் மறந்திலர். அந்நாளில் ஊர் திரும்புவோர் பல நாள் கடலிற் கிடந்து, கரையேறி, வண்டி பூட்டி வீடு சேர்வர். இன்றோ, காலையிற் சிங்கப்பூரில் உண்டவர் மாலையிற் காவிரிக் கரையில் நிற்கலாம். வழி சுருங்கிற்று. சுருங்கிய அளவுக்கு வரவு பெருகிற்றா? வந்தபின் நாம் காண்பது யாரை? இவ்விரு வினாவுக்கும் விடை, நம்பியாரூரராகிய சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றில் இருக்கின்றது.

அவர் தோன்றிய ஊர் திருநாவலூர். எனினும், பரவையார் வாழும் மனையாகவும், தம்மைத் தோழராகக் கொண்ட பெருமான் வீற்றிருக்கும் இடமாகவும் அவர்க்கு அமைந்தது திருவாரூர். எங்கே சென்றாலும் அவர் உள்ளம் மீண்டு வந்து நிற்குமிடம் அதுவே. அவர்தம் வாழ்க்கையைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கும்போது, போதலும் மீடலுமாகவே அது நடக்கின்றது.

முதலில் ஒன்று காண்போம். நம்பிகட்குப் பொன் வேண்டியிருந்தது. திருமுதுகுன்றத்தில் இறைவன் 12,000 பொன் அருளினான். வழியில் அதனைச் சுமந்து செல்வது எங்ஙனம்? மணிமுத்தாற்றில் இட்டு, ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்க என்பது திருவருளாணை. அவ்வாறே ஆற்றில் இட்டார். பின்னர் ஆரூர் சென்று கமலாலயத்தில் எடுத்தார். ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுதல் என்னும் பழமொழிக்கு இடமாகிய செய்தி இது. இக்காலத்தில் நாம் அயலூரில் வங்கியில் இட்ட பணத்தை ஊரிலுள்ளார் இங்கே பெற்றுக்கொள்ளுகின்றனர். அது நம்பிகள் கண்ட அற்புதத்தை ஒருவாறு நினைவூட்டுகின்றது. ஆனால் ஒன்று கருதுக. பொன் நீர்வழியே தானே சென்றது. நம்பிகள் தாமே நடந்து சென்றார். பொன்னை அனுப்பலாம், தம்மை அனுப்பத் தாமே போதல் வேண்டும்.

அடுத்து, திருவொற்றியூர். அங்கே சங்கிலியாரை மணந்தபோது, "பிரியேன்" என்று மகிழ மரத்தின்கீழ்ச் சூளுரைத்தார். இளவேனில் வந்தது. ஆரூரில் வசந்தவிழா நிகழும் காலம் என்னும் நினைவும் உடன் வந்தது. பெருமானையும் பரவையாரையும் எண்ணிய உள்ளம் நில்லாதாயிற்று. ஒற்றியூர் எல்லையைக் கடந்தார், கண்ணொளி மறைந்தது. சூள் தவறியது பிழையே. பிழைக்கு ஒறுப்பும் வந்தது. அதனை மறைப்பாரில்லை. ஆயினும், கண்ணிழந்தவர் வழிநடையை நிறுத்தினாரல்லர். இன்றைய சாலை அளவில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வழி அது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சித் திருவேகம்பத்தில் ஒரு கண் கிடைத்தது. திருத்துருத்தியில் உடற்பிணி தீர்ந்தது. மற்றைக் கண் ஆரூரிலன்றி வேறெங்கும் கிடைத்திலது. முழுநலமும் பெற்ற பின்னரே ஊருக்குப் போவேன் என்று அவர் இருந்திருப்பின், அம்மற்றைக் கண் கிடைத்தேயிராது. வீடு கட்டி முடியட்டும், மகள் படிப்பு முடியட்டும், பதவி உயரட்டும், பின்னர் ஊருக்குப் போவோம் என்பார் இதனைச் சிந்திப்பாராக.

இத்துணைத் துயருற்று வந்தவர்க்கு ஆரூரில் என்ன வரவேற்பு? பரவையார் மனை அவர்க்கு அடைபட்டிருந்தது. ஒற்றியூர்ச் செய்தி அவர்க்கு முன்னரே அங்கே சென்றிருந்தது. நெடுநாட் பிரிந்திருந்தார் மீது வீட்டிலிருப்பார்க்குச் சினம் எழுவது இயல்பு. அச்சினத்தில் நியாயமும் உண்டு. பரவையாரை யாம் குறை கூறுதல் ஆகாது, சேக்கிழாரும் கூறினாரல்லர். நம்பிகளும் சினந்து ஒற்றியூருக்கு மீண்டாரல்லர். தம் தோழரை நினைந்தார். நள்ளிரவில் ஆரூர்த் தெருவிலே இறைவன் தூது நடந்தான். முதன்முறை அருச்சகர் வடிவிற் சென்றான், பரவையார் இசைந்திலர். இரண்டாம் முறை தன் மெய்யுருவோடு சென்றான். அதன் பின்னரே ஊடல் தீர்ந்தது. பிரிந்தாரைக் கூட்டுதற்கு முழுமுதற் கடவுளே இருகாற் சென்று நடக்க வேண்டியதாயிற்று எனின், நாம் ஒருமுறை சென்று, ஒரு கடுஞ்சொற் கேட்டு, "இனி இவ்வாசற்படி மிதியேன்" என்று திரும்புதல் எவ்வாறு பொருந்தும்?

மூன்றாவதே இன்று அடியேன் சொல்ல வந்தது. சேரமான் பெருமாள் நாயனாரைக் காணும் வேட்கை மிக்கு, நம்பிகள் மலைநாடு நோக்கிச் செல்கின்றார். வழியில் திருப்புக்கொளியூராகிய அவிநாசி. ஒரு தெருவில் எதிரெதிர் இரண்டு வீடுகள். ஒன்றில் மங்கல ஒலி. மற்றொன்றில் அழுகை ஒலி. காரணம் வினவினார். ஐந்து வயதுச் சிறுவர் இருவர் முன்னொரு நாள் நீராடச் சென்றனர். ஒருவனை முதலை கொண்டது. பிழைத்தவனுக்கு இன்று பூணூல் மணம் என்றனர். மகனை இழந்த பெற்றோர், வந்தவர் நம்பிகள் என்று அறிந்ததும் தம் துயரை மறைத்து, முகமலர்ந்து வந்து வணங்கினர். மகனை இழந்தவர் நீவிரோ என்று அவர் கேட்ட பின்னும், அது கழிந்த செய்தி என்று சொல்லி, அவர் வரவையே பேறாகக் கொண்டாடினர்.

தோழரைக் காண விரைபவர் நம்பிகள். மங்கல மனையில் ஒரு வாழ்த்துரைத்து மேற்சென்றிருக்கலாம், குற்றம் சொல்வாரில்லை. அவரோ, அழுத வீட்டுக்காகப் பயணத்தை நிறுத்தினார். மடுக்கரை சென்று பதிகம் பாடினார். முதலை கொண்ட பாலன், கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு கரையேறினான். அவனுக்கும் பூணூல் மணம் முடிப்பித்த பின்னரே சேரநாட்டு வழியைத் தொடர்ந்தார்.

இவ்வரலாற்றை அடியேன் பல ஊர்களிற் சொல்லியதுண்டு. சொல்லும் தகுதி உண்டோ எனின், இல்லை. அதனையும் இங்கே சொல்லுதல் கடன். அடியேன் பிறந்த ஊர் இங்கிருந்து சில கல் தொலைவிலுள்ளது. 14 வயதில் திருமடத்துக்குப் படிக்கச் சென்றபோது, என் தகரப் பெட்டியைத் தலையிற் சுமந்து புகைவண்டி நிலையம் வரை வந்தவன் அடுத்த வீட்டுத் தோழன். அவன் ஊரிலேயே உழுதுண்டு வாழ்ந்தான். அடியேன் தொலைவிலுள்ள நகரில் ஆசிரியப் பணியில் அமர்ந்தேன். பல்லாண்டு கழித்து, எங்கள் ஊர்த் திருவிழாவிற் பேச அழைத்தனர். தோழனுடைய ஒரே மகன் அவ்வாண்டு இறந்துபோன செய்தி என் காதில் விழுந்திருந்தது. அன்றிரவு அடியேன் பேசிய பொருள், இந்த அவிநாசி வரலாறே. பேச்சு முடிந்தது, பொன்னாடை போர்த்தினர், செல்வர் ஒருவர் இல்லத்தில் விருந்து, வண்டிக்கு நேரமாயிற்று. அடுத்த முறை பார்ப்போம் என்று எண்ணிப் புறப்பட்டேன்.

அடுத்த முறை சென்றபோது தோழன் இல்லை. அவன் மனைவியார் சொன்னார்: "உங்கள் பேச்சு முழுவதையும் திண்ணையில் உட்கார்ந்தே ஒலிபெருக்கியில் கேட்டார், அண்ணா. முடிந்ததும் நீங்கள் வருவீர்கள் என்று பாய் எடுத்து விரிக்கச் சொன்னார். விடியும்வரை அதைச் சுருட்டவில்லை."

அவர் சினந்து சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் இன்றும் என்னை உறங்கவிடுவதில்லை. அழுத வீட்டைக் கடந்து சென்று, அழுத வீட்டுக்காக நின்றவர் புகழைப் பேசினேன்! இறந்த மகனை மீட்கும் ஆற்றல் நமக்கு இல்லை. அதனை அவனும் எதிர்நோக்கினானல்லன். அந்தப் பாயில் அரை நாழிகை உட்கார்ந்திருக்க எனக்கு இயலும். அவன் வேண்டியதும் அவ்வளவே.

அன்பர்களே! 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது வழக்கு. கற்கோபுரம் 12 ஆண்டு பொறுக்கும். முதியோர் உடம்பு பொறுக்குமா? சென்ற குடமுழுக்கில் முன்வரிசையில் அமர்ந்திருந்தாரை எண்ணிப் பாருங்கள். நாளைக் காலை கலசநீர் விழுந்தபின், உடனே ஊர்திக்கு விரையாதீர்கள். மணம் நிகழ்ந்த வீட்டுக்கு அழைப்பு இருக்கும், அங்கும் செல்க. அழைப்பு அனுப்ப இயலாத வீடு ஒன்று ஒவ்வொரு தெருவிலும் இருக்கும். பிள்ளையை இழந்தவர், படுக்கையிற் கிடப்பவர், பேச்சற்றுப் பிரிந்த உடன்பிறந்தார், எழுத்தறிவித்த ஆசிரியர் இவர்தம் வீடு அது. அங்கே முதலிற் செல்க. கைப்பொருள் கொண்டு செல்லின் நன்று. இல்லையேல் வெறுங்கையோடும் செல்க. அவர் இட்டதை உண்க; அவர் சொல்வதைக் கேட்க.

ஊரிலே வாழும் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். வந்தவரிடம் ஊதியத்தைக் கேளாதீர்கள். வரத் தாழ்த்தமையைச் சொல்லிக் காட்டுவதும் ஒருமுறையோடு நிற்க. ஆரூர்க்கு மீள விரும்பிய நம்பிகளைச் சேரமான் தடுத்தாரல்லர். பொருள் நிறைத்து வழிவிட்டார். அதனாலன்றோ, நம்பிகள் மீண்டும் அவரைத் தேடி மலைநாடு சென்றார்!

திருப்பணிக்குப் பொருள் அளித்தோர் பெயர் கல்லிற் பொறிக்கப்பெறும், அது தக்கதே. அழுத வீட்டுத் திண்ணையில் சிறிதுபோது அமர்ந்தார் பெயரைப் பொறிக்கக் கல் இல்லை. ஆயினும், ஆரூர்த் தெருவில் நள்ளிரவிற் கால்நோவ நடந்த பெருமான் அதனை அறிவான்.

அவன் திருவருள் உங்களை மீண்டும் மீண்டும் இவ்வூர்க்குக் கொணர்வதாக.

திருச்சிற்றம்பலம்.