வெள்ளைக் காசும் மஞ்சள் காசும்

(தோட்டத் தலைவர்மார், மாதர் கமிட்டி உறுப்பினர்களுக்கான கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



இந்த வகுப்பில் வழக்கமாகப் பெரிய காசைப் பற்றித்தான் பேசுவோம். நாட்சம்பளம், சேமலாப நிதி, சேவைக்காலப் பணம் என்று போகும். இன்றைக்குச் சின்னக் காசைப் பற்றிப் பேசப் போகிறோம். உங்கள் முந்தானை முடிச்சிலும் சட்டைப் பையிலும் கிடக்கிற குத்திக்காசைப் பற்றி. "இதுக்கு ஒரு வகுப்பா?" என்று யாராவது நினைக்கலாம். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். நாங்கள் செய்த ஒரு தவறு அந்த நினைப்பை மாற்றியது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது. மாதாமாதம் வீட்டுக்கு வீடு காசு சேர்ப்பது ஒரு தம்பி. பெட்டியை வைத்திருந்தது ஓர் அக்கா. கொழுந்து எடுக்கிறவர். ஒன்பது வருடம் அந்தப் பெட்டியைக் காத்தார். ஒரு சதம் குறைந்தது கிடையாது. புதிய நாணயங்கள் வந்ததற்கு அடுத்த வருடம், ஒரு மாதக் கணக்கில் 42 ரூபாய் குறைந்தது. தம்பியின் கொப்பியில் ஒரு தொகை, பெட்டியில் வேறு தொகை.

யாரும் அவரைக் களவு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் லயத்தில் குசுகுசுப்பு வந்துவிட்டது. கணக்குப் பார்க்க உட்கார்ந்தவர்கள் நாங்கள். "போகட்டும் அக்கா, கட்டிவிடுங்கள், பிரச்சினை முடிந்துவிடும்" என்று சொன்னோம். அவர் கட்டினார். அப்போது அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். 42 ரூபாய் என்றால் ஏறத்தாழ நாற்பது நிமிட வேலை. அடுத்த நாளே பெட்டிச் சாவியைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்து மூன்றாம் வகுப்பில் காசுப் பாடம் நடந்தது. பிள்ளைகள் காசைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அக்காவின் மகள் சொன்னாள்: "சார், எங்க அம்மா இலக்கம் பார்க்க மாட்டாங்க. வெள்ளைன்னா ரெண்டு, மஞ்சள்னா அஞ்சு."

அன்று பின்னேரமே அக்காவிடம் போய்க் கேட்டோம். குறைந்த அந்த மாதம் சங்கக் கூட்டத்துக்குச் சீனியும் தேயிலையும் மெழுகுதிரியும் வாங்கியிருக்கிறார். கணக்கு 128 ரூபாய். நூறு ரூபாய்த் தாள் ஒன்றும், பெட்டியிலிருந்து பதினான்கு வெள்ளைக் காசும் எண்ணிக் கொடுத்திருக்கிறார். இரண்டு இரண்டாக 28 ரூபாய் என்று நினைத்து. ஆனால் அவை வெள்ளை ஐந்து ரூபாய். அவர் கொடுத்தது 70 ரூபாய். ஒரு காசுக்கு மூன்று ரூபாய் வீதம், பதினான்கு மூன்று நாற்பத்திரண்டு. சரியாகப் பொருந்தியது. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் போட்டிருக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டோம். 42 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் காசை வாங்கிக்கொண்டார். சாவியை வாங்கவில்லை.

தோழர்களே, அந்த அக்காவுக்கு எண்ணத் தெரியாது என்று நினைக்காதீர்கள். அவர் வைத்திருந்த கணக்கு வருடக்கணக்காகச் சரியாக இருந்த கணக்கு. மாறியது காசு. எப்படி மாறியது என்று பார்ப்போம்.

வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஐந்து சதம் சதுரமாக இருந்தது. இரண்டு சதமும் பத்து சதமும் பூப்போல விளிம்பு வளைந்து இருந்தன. அது அழகுக்காக மட்டும் செய்ததல்ல. விளக்கில்லாத வீட்டிலும், கண் மங்கிய கிழவிக்கும், விரல் தடவினால் எந்தக் காசு என்று தெரியும். 1963இல் இராணியின் தலை போய் இலங்கையின் சின்னம் வந்தது. அப்போதும் இந்த வடிவங்கள் இருந்தன. அதனால் கை தடுமாறவில்லை.

பிறகு சதம் எல்லாம் பெறுமதி இழந்து, ரூபாய்க் குத்திகள்தான் மிஞ்சின. நமது ஆட்கள் நிறத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் வெள்ளை, ஐந்து ரூபாய் மஞ்சள். 2005இல் ஒரு ரூபாய் சிறியதாகி மஞ்சளுக்கு மாறியது. அதன்பின் சின்ன மஞ்சள் ஒன்று, பெரிய மஞ்சள் ஐந்து, வெள்ளை இரண்டு. அதற்குப் பிறகு வந்த பத்து ரூபாயும் வெள்ளைதான், ஆனால் அதற்குப் பதினொரு பக்கம் இருந்ததால் குழப்பம் இல்லை. பன்னிரண்டு வருடம் இந்தக் கணக்கு ஓடியது. 2017இல் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து நான்கும் துருப்பிடிக்காத உருக்கில் வந்தன. எல்லாம் வெள்ளை. பழைய மஞ்சளும் செல்லும், புதிய வெள்ளையும் செல்லும். இரண்டும் ஒரே பையில் கலந்தன. "வெள்ளை என்றால் இரண்டு" என்று பழகிய கைக்கு அன்றிலிருந்து நட்டம்தான்.

ஏன் மாற்றுகிறார்கள்? அதில் நியாயம் இல்லாமல் இல்லை. செம்பும் நிக்கலும் விலை கூடிய உலோகங்கள். ஒரு ரூபாய்க் குத்தியைச் செய்ய ஒரு ரூபாய்க்கு மேல் செலவானால் நாட்டுக்கு நட்டம். உருக்கு மலிவு, கறுக்காது, நீண்ட காலம் உழைக்கும். ஆகவே நாணயத்தை மாற்றக் கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மாற்றத்தால் அரசுக்கு வருகிற மிச்சத்துக்கு, எழுத்து வாசிக்க முடியாத ஒரு தாய் கடையில் விலை கொடுக்கக் கூடாது. அதுதான் எங்கள் பேச்சு.

மற்ற நாடுகளில் என்ன நடந்தது என்று இரண்டு உதாரணம் சொல்கிறோம்.

அதே 2017இல்தான் பிரித்தானியாவும் தன் ஒரு பவுண் நாணயத்தை மாற்றியது. பழைய வட்ட நாணயத்தில் முப்பதில் ஒன்று போலி என்று மதிப்பிட்டார்கள். அதனால் பன்னிரண்டு பக்கமும் இரண்டு நிறமும் கொண்ட நாணயத்தை மார்ச் 28இல் வெளியிட்டார்கள். ஒக்டோபர் 15க்குப் பிறகு பழையது கடையில் செல்லாது என்றார்கள். வங்கியில் போட மட்டும் வழி வைத்தார்கள். ஆனால் கவனியுங்கள், இந்த மாற்றம் வரப்போகிறது என்று 2014லேயே அறிவித்துவிட்டார்கள். காரணம், அங்கே காசு போட்டால் குளிர்பானம் தருகிற இயந்திரம், வாகனத் தரிப்பிட இயந்திரம், கடையில் தள்ளுவண்டியை விடுவிக்கிற பூட்டு எல்லாம் பழைய நாணயத்தின் அளவுக்குச் செய்தவை. அவற்றை மாற்ற அவகாசம் வேண்டும். இயந்திரத்துக்கு மூன்று வருட அவகாசம் கிடைத்தது. மனிதரின் கையும் ஒரு பழக்கத்தில் ஓடுகிறதுதான். அதற்கும் அவகாசம் வேண்டும்.

இரண்டாவது, இந்தியா. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன நமது உறவுகள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அங்கிருந்து வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், பத்து ரூபாய் நாணயத்தைக் கடையிலும் பஸ்ஸிலும் வாங்க மறுத்த கதையை. அந்த நாணயம் பல வடிவங்களில் வந்தது. 2011 ஜூலையில் ரூபாய்க் குறியீட்டோடு வந்ததில் பத்துக் கதிர்கள். அதற்கு முந்தியதில் பதினைந்து கதிர்கள். "ஒன்று உண்மை, மற்றது போலி" என்று வதந்தி கிளம்பியது. கடைக்காரர் வாங்கவில்லை, அதனால் சனமும் வாங்கவில்லை. கடைசியில் 2018 ஜனவரி 17இல் ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது, பதினான்கு வடிவங்களில் வெளியிட்டிருக்கிறோம், எல்லாமே செல்லும் என்று. அதன்பிறகும் மறுப்பு முழுதாக நின்றுவிடவில்லை. செய்தி சேராத இடத்தில் வதந்தி போய் உட்காரும். உட்கார்ந்த வதந்தியைக் கிளப்புவது கஷ்டம்.

நமக்கும் இது புதிதல்ல. நமது முன்னோர் கழுத்தில் தகர டிக்கட் கட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவர்கள். துண்டு என்கிற கடன் சீட்டால் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டவர்கள். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. தகரத்தில் என்ன அடித்திருக்கிறது, துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சுமந்தவருக்குத் தெரியாது. தெரிந்தவர் கணக்கே கணக்காக இருந்தது. இன்றைக்கு நமது பிள்ளைகள் வாசிக்கிறார்கள். கையில் இருக்கிற காசில் தமிழிலும் எழுதியிருக்கிறது. இனியும் அடுத்தவர் கணக்கை நம்பி வாழ வேண்டியதில்லை.

இனி, நாளைக் காலையிலிருந்து நாம் செய்யக்கூடியவை.

முதலாவது, நிறத்தை விட்டு இலக்கத்தைப் பிடிப்போம். நாணயத்தின் ஒரு பக்கத்தில் இலக்கம் பெரிதாக இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்த பிறகு கொடுப்போம். வாசிக்கத் தெரியாதவருக்கும் 1, 2, 5, 10 என்ற நான்கு இலக்கங்களை ஒரு பின்னேரத்தில் பழக்கிவிடலாம். பிள்ளைகளே வீட்டில் பழக்கட்டும். அந்த வேலையை வீட்டுப்பாடமாகவே கொடுக்கத் தொடங்கிவிட்டோம்.

இரண்டாவது, கோயில் கணக்கு, மரண உதவிச் சங்கம், சீட்டு எதுவானாலும் மொத்தத் தொகையை மட்டும் எழுதாமல், எந்தக் காசு எத்தனை என்று பிரித்து எழுதுவோம். ஐந்து ரூபாய் இத்தனை, இரண்டு ரூபாய் இத்தனை என்று. எண்ணும்போது இரண்டு பேர் இருப்போம். இரண்டாவது ஆள் முதலாவது ஆளைச் சந்தேகிப்பதற்காக உட்காருவதில்லை. நாளைக்குக் கணக்குப் பிழைத்தால் அவருக்குச் சாட்சியாக நிற்பதற்காக உட்காருகிறார். அன்றைக்கு எங்கள் அக்காவுக்கு அப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் சாவி இன்றும் அவரிடம்தான் இருந்திருக்கும்.

மூன்றாவது, மிச்சக் காசை அந்த இடத்திலேயே எண்ணுவோம். சில்லறைக்குப் பதில் டொபி தந்தால், "டொபி வேண்டாம், காசைத் தாருங்கள்" என்று மரியாதையாகக் கேட்போம். பஸ்ஸில் மிச்சம் வரவில்லை என்றால் இறங்கும் முன் கேட்போம். ஒருவர் கேட்கக் கூச்சப்பட்டால் பக்கத்தில் இருப்பவர் சேர்ந்து கேட்போம். இரண்டு மூன்று ரூபாய்தானே என்று விடுகிறோம். மாதம் முழுக்க விடுவதைக் கூட்டிப் பாருங்கள்.

நான்காவது, பழைய காசு செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பி வீசிவிடாதீர்கள், குறைத்தும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நாணயம் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் கடைக்காரருக்கு இல்லை. சந்தேகம் இருந்தால் வங்கியில் கேட்போம், அல்லது தலைவரிடம் கொண்டு வாருங்கள்.

இவை நாம் செய்வது. கேட்க வேண்டியவையும் உண்டு. புதிய நாணயமோ புதிய தாளோ வரும்போது, படத்தோடு தமிழில் ஓர் அறிவித்தல் பெரட்டுக்களத்திலும், பிள்ளை மடுவத்திலும், கோயில் வாசலிலும் ஒட்டப்பட வேண்டும். தோட்டப் பாடசாலைகளுக்கு மாதிரி நாணயங்கள் தரப்பட வேண்டும். கண் பார்வை குறைந்தவர் தடவி அறியும்படி விளிம்பும் வடிவமும் அமைய வேண்டும் என்று நமது கருத்தும் கேட்கப்பட வேண்டும். 2025 ஆகஸ்டில் மத்திய வங்கியின் 75ஆவது ஆண்டு நிறைவுக்கு 2000 ரூபாய்த் தாள் வந்தது. இன்னும் வரும். ஒவ்வொரு மாற்றமும் வரும்போது லயத்துக்கு முதலில் செய்தி வர வேண்டும். காசு அதன் பின்னால் வரட்டும். இதை ஒரு தீர்மானமாக இன்றைக்கே எழுதி, ஜில்லாக் கமிட்டிக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியாக ஒரு வார்த்தை. சம்பளத்துக்காக நாம் வருடக்கணக்கில் போராடுகிறோம். அப்படி வாங்கிய காசு, கடை மேசையில் இரண்டு நிமிடத்தில் நழுவிப் போகக் கூடாது. அதோடு, ஒருவர் கையில் காசு குறைந்தால் உடனே அவர் கையைப் பார்க்காதீர்கள். முதலில் காசைத் திருப்பிப் பாருங்கள். நாங்கள் இதைத் தாமதமாகத்தான் படித்தோம். நீங்கள் முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள்.