இந்த வீட்டில் எத்தனை பேர்?

சமூக ஆய்வில் மிக எளிதாகத் தோன்றும் கேள்வி ஒன்றை இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொள்கிறேன்: இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் குடியரசு போன்ற இடங்களின் வழிவந்தவர்களை அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள் என்கிறார்கள். அவர்கள் நெருங்கி வாழும் நகரத் தெருக்களில் இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைப்பது அரிது. 2020 கணக்கெடுப்பு அவர்களை 6.21 கோடிப் பேர் என்றது. பிறகு கணக்கெடுப்புத் துறை தானே நடத்திய சரிபார்ப்பு ஆய்வில், ஹிஸ்பானிக் மக்கள் 4.99 சதவீதம் குறைவாக எண்ணப்பட்டிருப்பது தெரிந்தது. அதாவது இருபது பேருக்கு ஒருவர் கணக்கில் இல்லை. அதே ஆய்வின்படி, ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் 1.64 சதவீதம் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தார்கள். நாடாளுமன்ற இடங்களும் அரசின் நிதியும் இந்த எண்ணிக்கையைப் பார்த்தே பங்கிடப்படுகின்றன. என் வாதம் இதுதான்: வீடு வீடாக எண்ணும் அளவாய்வும், மக்களோடு பழகி எழுதும் இனவரைவியலும் ஒரே குழுவின் கையில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்தைத்தான் அந்தக் குழு முதலில் ஆராய வேண்டும்.

எண் மட்டும் தனியே நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1970 கணக்கெடுப்பு சாட்சி. அந்த ஆண்டு, ஐந்து சதவீத மாதிரி வீடுகளில் ஸ்பானிய வழியைப் பற்றி முதன்முறையாக நேரடியாகக் கேட்டார்கள். விடைகளில் ஒன்று ‘மத்திய அல்லது தென் அமெரிக்கர்’. கேட்டவர்கள் குவாத்தமாலாவையும் கொலம்பியாவையும் மனத்தில் வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் தெற்கு மாநிலங்களிலும் வாழ்ந்த, ஸ்பானிய மொழியோடு எந்தத் தொடர்பும் இல்லாத பலர், அது தங்களைத்தான் குறிக்கிறது என்று எண்ணிக் குறியிட்டார்கள். 1980இல் அந்த விடையை எடுத்துவிட்டு, கேள்வியை எல்லா வீடுகளிலும் கேட்டார்கள். அச்சில் ஏறிய எண்ணின் முகத்தைப் பார்த்தால் இந்தப் பிழை தெரியாது. படிவத்தைக் கையில் வாங்கியவர் அதை எப்படிப் படித்தார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கே அது தெரியும்.

கதை மட்டும் தனியே நடந்தாலும் கேடுதான். மானிடவியலாளர் ஆஸ்கர் லூயிஸ் 1966இல் வெளியிட்ட ‘லா வீதா’, சான் ஹுவானின் சேரியிலும் நியூயார்க்கிலும் பரவி வாழ்ந்த ஒரு புவேர்ட்டோ ரிக்கோக் குடும்பத்தின் வாய்மொழி வரலாறு. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் தேசிய நூல் விருது பெற்றது. லூயிஸ் தனியாள் அல்லர். அவருக்கு உதவியாளர் குழு இருந்தது. சான் ஹுவான் சேரிகளின் நூறு குடும்பங்களிடம் தகவல் திரட்டிய பிறகே இந்த ஒரு குடும்பத்தை அவர் தேர்ந்தெடுத்தார். ஆனால் அந்த நூறு குடும்பங்களின் பின்னணி விவரங்கள் 1968இல்தான் ஒரு சிறு நூலாக வந்தன. அதற்குள் பாலியல் தொழிலும் வன்முறையும் நிறைந்த ஒரு குடும்பத்தின் கதை, ஒரு மக்களின் கதையாகவே வாசிக்கப்பட்டுவிட்டது. புவேர்ட்டோ ரிக்கோ அறிஞர்கள் சினம் கொண்டார்கள். அளவாய்வு நடக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. நடந்த அளவாய்வு கதையோடு ஒரே அட்டைக்குள் வரவில்லை என்பதுதான் குறை.

இரண்டையும் சேர்த்து நடத்தியதற்கு நல்ல முன்மாதிரி, சமூகவியலாளர் டக்ளஸ் மாசியும் மானிடவியலாளர் ஹோர்ஹே துராந்தும் கூட்டாளிகளும் 1982இல் தொடங்கிய மெக்சிகோ இடப்பெயர்வு ஆய்வு. மேற்கு மெக்சிகோவில் அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட நான்கு ஊர்களில் ஒன்று, குவாதலஹாரா நகரத்தின் தொழிலாளர் குடியிருப்பு. ஊருக்கு இருநூறு வீடுகள் என்று குலுக்கல் முறையில் எடுத்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவில் குடியேறிவிட்டவர்களை உறவினர் சொன்ன முகவரிகளைப் பிடித்துத் தேடிப் போனார்கள். களப்பணிக்குக் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வடக்கே வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும் பருவம் அது. ஆய்வாளர்களின் வினாத்தாளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அதில் எழுதி வைத்த கேள்விகளே குறைவு. பெரும்பகுதி ஒரு வெறும் அட்டவணை. இடப்பக்கம் வீட்டாரின் பெயர்கள், மேலே வயது, தொழில், முதல் பயணம் நடந்த ஆண்டு என்று தலைப்புகள். எதை முதலில் கேட்பது, எந்தச் சொல்லில் கேட்பது என்பது பேட்டி காண்பவரின் பொறுப்பு. பாட்டி பேரனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேரனின் வரிசையை முதலில் நிரப்பலாம். பேச்சு பேச்சாகவே போகும். எழுந்து வரும்போது கட்டங்கள் நிரம்பியிருக்கும்.

அளவாய்வு அறிஞர்கள் இங்கேதான் மறுப்பு எழுப்புவார்கள். ஆளுக்கொரு சொல்லில் கேட்டால் விடைகளை எப்படி ஒப்பிடுவது? நியாயமான கேள்விதான். ஆனால் சொல் ஒன்றாக இருந்தால் கேள்வியும் ஒன்றாகிவிடும் என்ற நம்பிக்கையும் ஆராயத்தக்கது. ஸ்பானிய மொழியில் ‘அஓரித்தா’ என்றொரு சொல் உண்டு. மெக்சிகோக்காரருக்கு அது ‘இப்போது’. புவேர்ட்டோ ரிக்கோக்காரருக்கு ‘கொஞ்சம் கழித்து’. அஓரித்தா வேலை பார்க்கிறீர்களா என்று ஒரே தெருவின் இரண்டு வீடுகளில் கேட்டால், இரண்டு வேறு கேள்விகளைக் கேட்டிருப்போம். இன்னொரு சான்றும் உண்டு. புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் ‘அத்தாக்கே தே நெர்வியோஸ்’ என்று ஒரு துன்பத்தைச் சொல்வார்கள். தாங்க முடியாத செய்தி வந்ததும் அலறல், நடுக்கம், நெஞ்சிலிருந்து தலைக்கேறும் சூடு. ஆங்கிலத்தில் ஆக்கிய மனநல வினாத்தாளில் இதற்குக் கட்டமே இல்லை. 1985 வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் பின் புவேர்ட்டோ ரிக்கோத் தீவில் நடந்த ஆய்வில், மக்களின் சொல்லிலேயே நேராகக் கேட்டார்கள். 16 சதவீதம் பேர் அது தங்களுக்கு நேர்ந்தது என்றார்கள். பழகியவர் கேட்டுவந்த சொல் வினாத்தாளில் ஏறிய பிறகுதான் அந்த எண் பிறந்தது.

மானிடவியலார் தரப்பு மறுப்பு வேறு. ஆண்டுக்கணக்கில் ஒருவரே தங்கிப் பெறும் ஆழம், பலர் கை மாறும் குறிப்பேட்டில் வராது என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் தனியாளுக்கும் திறக்காத கதவுகள் உண்டு. அடிபட்ட மனைவி, அறிமுகமில்லாத ஆணிடம் வாய் திறக்க மாட்டாள். பாஸ்டன், சிகாகோ, சான் அன்டோனியோ ஆகிய மூன்று நகரங்களில் 1999இல் தொடங்கிய ஏழைக் குடும்ப ஆய்வில் சுமார் 2,400 குடும்பங்களிடம் அளவாய்வும், 256 குடும்பங்களிடம் இனவரைவியலும் நடந்தன. எந்தத் தனியாளாலும் ஆகிற காரியம் அல்ல. ஆய்வு நடக்கும் தெருவில் வாழ்பவரையே களப்பணியாளராக வைத்தால் பக்கத்து வீட்டுக்குச் செய்தி போய்விடும் என்ற அச்சத்துக்கும் அந்த ஆய்வில் விடை உண்டு. அளவாய்வில் அந்தரங்கக் கேள்விகளைப் பேட்டியாளர் வாய்விட்டுக் கேட்கவில்லை. காதில் ஒலிக்கருவி மாட்டி, கணினியில் தாமே பதில் தரச் செய்தார்கள். இனவரைவியல் குழுவோ மாதக்கணக்கில் போய்வந்து, அவர்களாகச் சொல்லும் நாளுக்குக் காத்திருந்தது. ஒருவருக்கு அந்நியரிடம் சொல்வது எளிது, இன்னொருவருக்குப் பழகியவரிடம். குழு என்றால் இரண்டு வழியையும் திறந்து வைக்கலாம். செலவு கூடும் என்பது மெய்தான். இருபதில் ஒருவரைத் தொலைப்பதற்கும் ஒரு விலை உண்டு.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. குடியேற்ற ஆவணம் இல்லாதவர் வாழும் வீட்டில் நெருங்கிப் பழகுவது, அவரைக் காட்டிக்கொடுக்கும் வழியாக மாறாதா? அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. 1990 கணக்கெடுப்பைச் சரிபார்க்க, இனவரைவியலார் 29 இடங்களில் தாமே ஆட்களை எண்ணி, அரசின் பட்டியலோடு ஒவ்வொருவராக ஒப்பிட்டார்கள். சிக்கலான கூட்டுக் குடித்தனம், ஒழுங்கற்ற வீடுகள், அடிக்கடி வீடு மாறுதல், ஆங்கிலம் தெரியாமை ஆகியவற்றோடு அரசின் மீதுள்ள அவநம்பிக்கையும் ஆட்கள் விடுபடக் காரணமாகத் தெரிந்தது. எடுத்துக்காட்டாக, சோபாவில் உறங்கும் மைத்துனரின் பெயர் வாடகை ஒப்பந்தத்தில் இல்லை. வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் வீடு போய்விடும். அவரைப் பட்டியலில் சேர்க்காமல் விடும் பெண்ணுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஆகவே குழுவின் முதல் கடமை, ஆய்வுக்குத் தேவையற்றதை எழுதாமல் விடுவது. பெயரும் முகவரியும் விடைத்தாளிலிருந்து முதல் நாளே பிரிய வேண்டும். குடியேற்ற நிலையைக் குறிப்பேட்டில் எழுதுவதா வேண்டாமா என்பதைக் களத்தில் இறங்கும் முன்பே குழுவாகக் கூடி முடிவு செய்ய வேண்டும்.

2017இல் கணக்கெடுப்புத் துறையின் களப்பணியாளர் ஒருவர் சொன்னது அத்துறையின் குறிப்பாணையிலேயே பதிவாகியிருக்கிறது. அவர் போனது ஹிஸ்பானிக் குடும்பங்கள் வாழும் டிரெய்லர் வீடுகளுக்கு. ஒரு வீட்டில் ஆள் நடமாடும் ஓசை கேட்டும் கதவு திறக்கவில்லை. தகவல் தாளை வைத்துவிட்டு, வேறு இரண்டு பேட்டிகளை முடித்துத் திரும்பினால், அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தது. படிவத்தில் இதை எழுதக் கட்டம் கிடையாது. கண்ட ஒன்றை வந்து சொல்ல ஒரு பணியாளர் இருந்தார். கேட்டு எழுதிக்கொள்ள ஒருவர் இருந்தார். ஒரே குழு என்று நான் இதுவரை சொல்லிவந்தது இந்த இருவருக்கும் இடையில் உள்ள மேசையைத்தான். இந்த வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ‘யாரும் இல்லை’ என்ற விடையை அந்த மேசை இல்லாமல் வாசிக்க முடியாது.