பஞ்சு விலையும் அடிமை விலையும்

ஐந்து மணிக்குக் கூட்டம் என்றால் ஏழு மணிக்குத் தவறாமல் வந்து சேரும் வாஷித் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். (சிரிப்பு) சிரிக்காதீர்கள். நானே ஆறே முக்காலுக்குத்தான் வந்தேன். மான்கூர்டில் வண்டியை நிறுத்திப் போட்டுவிட்டான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா'. வாசலில் ஒரு தம்பி மடக்கினார்: "ஐயா, வாஷியில உக்காந்துக்கிட்டு அமெரிக்கா எதுக்குய்யா நமக்கு?" தம்பி, நீ தினமும் சிஎஸ்டி வண்டி பிடிக்கிறாயே, குர்லா தாண்டி, வடாலா தாண்டி, சிவ்ரி தாண்டினால் என்ன ஸ்டேஷன்? (கூட்டத்தில்: காட்டன் கிரீன்!) ஆங்! அந்தப் பருத்தியில் இருக்கிறது ஐயா அமெரிக்கா.

1793-இல் எலி விட்னி என்பவர் பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கிற ஜின் மெஷினைக் கொண்டுவந்தார். மெஷின் வந்தால் கூலிக்காரன் கொஞ்சம் முதுகை நிமிர்த்தலாம் என்று நினைப்போம். முதலாளி என்ன நினைத்தான்? 'கொட்டை பிரிக்கிறது சுலபமாயிடுச்சா, அப்ப இன்னும் நூறு ஏக்கர் போடு!' 1790-இல் அமெரிக்காவில் அடிமைகள் 7 லட்சம் பேர். 1860-இல்? 40 லட்சம்! இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் போன பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அந்தக் கறுப்பு மக்களின் கை பறித்த பஞ்சு.

1861-இல் அங்கே வடக்குக்கும் தெற்குக்கும் போர். லிங்கன் தென்பகுதித் துறைமுகங்களைக் கடற்படை வைத்து அடைத்துவிட்டார். மான்செஸ்டர்காரன் பஞ்சுக்கு எங்கே போவான்? திரும்பிப் பார்த்தான். நம்மைப் பார்த்தான். அதற்கு முன்பே அவனுக்கு நம் மண் மேல் ஒரு கண். 1840-களிலேயே அமெரிக்கத் தோட்டக்காரர்களைக் கப்பலேற்றிக் கூட்டிவந்து, கோயம்புத்தூரில் ராபர்ட் வைட் என்ற டாக்டர் மேற்பார்வையில் அமெரிக்கப் பருத்தி போட்டுப் பார்த்தவன்தானே! அது பெரிதாக எடுபடவில்லை, விடுங்கள்.

ஆனால் பம்பாயில் நம் பஞ்சு எடுபட்டது பாருங்கள்! விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. அந்த நாலைந்து வருஷத்தில் இந்த ஊருக்கு வந்து கொட்டிய உபரிப் பணம் மட்டும் 70, 80 கோடி ரூபாய் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் காலத்துக் கோடி ஐயா! வீட்டு மெத்தையைக் கிழித்துப் பழைய பஞ்சைக் கூட எடுத்து விற்றார்களாம். நினைத்துப் பாருங்கள். ராத்திரி வீட்டுக்காரர் வந்து படுக்கிறார், முதுகில் தேங்காய் நார் குத்துகிறது. "ஏண்டி, மெத்தை எங்கே?" "லிவர்பூலுக்குப் போயிருக்குங்க!" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தாராவிக்காரர். பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவேன் என்று மிரட்டியிருக்கிறார், அதனால் சொல்லவில்லை. நாற்பது வருஷம் சால் குடியிருப்பில் ராத்திரிப் பள்ளிக்கூடம் நடத்தி, சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். இன்றைக்கு எவன் எவனுக்கோ பொன்னாடை! (கைதட்டல்) அவருக்கு ஒரு துண்டு போர்த்த இந்த ஊரில் ஆளில்லை.

     

எங்கே விட்டேன்... பணம். கையில் பணம் வந்தால் என்ன செய்வார்கள்? கடலைத் தூர்த்து நிலமாக்கி விற்கிறோம் என்று கம்பெனி ஆரம்பித்தார்கள். பேக் பே கம்பெனி. 5,000 ரூபாய்ப் பங்கு 50,000 வரை போனது. நிலம் எங்கே? கடலுக்குள் இருக்கிறது! இதற்கெல்லாம் நடுநாயகம் பிரேம்சந்த் ராய்சந்த். அவர் தலையசைத்தால் வங்கி கடன் கொடுக்கும். 1865 ஏப்ரலில் தெற்கத்திப் படைத்தலைவர் லீ சரணடைந்தார். பஞ்சு விலை விழுந்தது. ஜூலை 1, முன்பேரங்களுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டிய நாள், கொடுக்க ஒருத்தனிடமும் காசில்லை. பேக் பே கம்பெனி போயிற்று, பாம்பே பாங்க் போயிற்று, பிரேம்சந்தும் திவாலானார். ஒன்று சொல்ல வேண்டும். பணம் இருந்தபோதே பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு 4 லட்சம் கொடுத்துவிட்டார். தாயார் பெயரில் எழுந்த ராஜாபாய் கோபுரம் இன்றும் மணி அடிக்கிறது. அந்த மட்டுக்கும் அவரைக் கும்பிடலாம்.

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. அங்கே ஒரு நாடு, மனிதனை விலைக்கு விற்கலாமா கூடாதா என்று ஆறு லட்சம் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுகிறது. பம்பாய் மார்க்கெட்டில் என்ன வேண்டிக்கொண்டிருப்பார்கள்? 'ஆண்டவனே, சண்டை நிற்கக் கூடாது!' அமைதி வந்தால் இங்கே திவால்! இதுவா ஐயா பிழைப்பு?

அதே செய்தியைப் பூனாவில் ஒருவர் படித்தார். ஜோதிராவ் ஃபுலே. 1863-இல் லிங்கன் விடுதலைப் பிரகடனம் செய்ததும், 1865-இல் அமெரிக்கா அரசியல் சட்டத்தைத் திருத்தி அடிமைமுறையையே ஒழித்ததும் அவர் கண்ணில் பஞ்சு விலையாகத் தெரியவில்லை. 1873-இல் 'குலாம்கிரி', அதாவது 'அடிமைத்தனம்' என்ற நூலை எழுதினார். அதைக் கறுப்பர் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். என் நாட்டாரும் இதைப் பார்த்துச் சூத்திரச் சகோதரர்களை விடுவிக்க இறங்க வேண்டும் என்ற ஆசையையும் அங்கேயே எழுதி வைத்தார். (கைதட்டல்) எந்த சேட்டுக்கும் வராத புத்தி, பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்த அந்த மனிதருக்கு வந்தது!

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 1843-இலேயே அடிமைமுறையை இனி எந்தக் கோர்ட்டும் ஏற்காது என்று சட்டம் வந்தாயிற்று. தஞ்சாவூர்ப் பண்ணையாளுக்கு அது போய்ச் சேர்ந்ததா? கூலி கேட்டு நின்ற கீழவெண்மணியில் 1968-இல் 44 பேரை எரித்தார்களே! அமெரிக்காவைப் பேசும்போது நம் முதுகையும் திருப்பிப் பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொருவரையும் சொல்கிறேன். ஃபுலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே. மில்லில் பொழுது விடிந்து பொழுது சாய்கிற வரைக்கும் வேலை, வாரம் ஏழு நாளும் வேலை. 1890-இல் இதே பம்பாயில் பத்தாயிரம் பேரைத் திரட்டினார். அந்த மேடையில் இரண்டு பெண் தொழிலாளிகளும் ஏறிப் பேசினார்கள். (செயலாளர் ஏன் தலையைக் குனிகிறார்? நம் மேடையில் எத்தனை பெண்கள் என்று நான் கேட்கவே இல்லையே!) அந்த வருஷம்தான் மில்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. இன்றைக்கு ஞாயிறு. நீங்கள் வேட்டி கட்டிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருப்பது அந்த லோகண்டே வாங்கிக் கொடுத்த மாலைப்பொழுதில்! (நீண்ட கைதட்டல்)

அந்தக் காலத்தை ஒட்டித்தான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் ஆட்கள் தாராவிக்கு வந்தார்கள், தோல் பதனிடுகிற வேலைக்கு. அந்த நாற்றத்தில் வேறு யார் நிற்பார்கள்? சதுப்பு நிலம். குப்பையையும் மண்ணையும் கொட்டி, மிதித்து, மேடாக்கிக் குடிசை போட்டார்கள். அதையும் பேக் பேயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் கையில் காகிதம் இருந்தது, நிலம் இல்லை. நம் ஆட்கள் காலடியில் நிலம் இருந்தது, காகிதம் இல்லை! (பலத்த கைதட்டல்)

இப்போது அதே தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்தில், மாற்று வீடு வேண்டுமானால் காகிதம் கேட்கிறார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்னால் குடியிருந்தாயா, சான்று கொடு. மூன்று தலைமுறையாகப் புதைகுழியை மேடாக்கியவனிடம்! நம் பெரியவர், பெயர் சொல்லக் கூடாதவர், ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். அப்பா காலத்து ரேஷன் கார்டு, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து செலோடேப் ஒட்டியது. 1976 கணக்கெடுப்பில் கொடுத்த போட்டோ பாஸ், அதில் அவர் மீசை கறுப்பாக இருக்கிறது. அவருக்கு ஆபத்தில்லை. அவர் மேல்மாடியில் காகிதமில்லாமல் இருப்பவர்களுக்கும், அவரிடம் படித்து மழைவெள்ளத்தில் பெட்டியையே பறிகொடுத்தவர்களுக்கும் யார் பதில் சொல்வது?

செயலாளர் மூன்றாவது சீட்டும் அனுப்பிவிட்டார். முடிக்கிறேன். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தில் பெரியவர் உட்கார்ந்து அந்தச் சான்றுக்குப் பாரம் நிரப்பித் தருகிறார். தாராவியில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் கூட்டிக்கொண்டு வாருங்கள். பழைய ரேஷன் கார்டு, லைட் பில், பள்ளிக்கூட சர்டிபிகேட், எதுவானாலும் அசலோடு எடுத்து வாருங்கள். ஜெராக்ஸ் செலவு சங்கத்தினுடையது. பொருளாளர் முறைக்கிறார், ஆனாலும் சங்கத்தினுடையதுதான்! (சிரிப்பு, கைதட்டல்) பத்து மணி என்றால் பத்து மணி!