கணினி முகப்பைத் தமிழில் திறப்போம்

(ஆவூர் ஆசிரியர் கூட்டத்தில் பேசியது)



2011 முதல் நம் மேல்நிலைப் பிள்ளைகளுக்கு அரசு தந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது நினைவிருக்கும். சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. பலர் திறந்தே பார்க்கவில்லை. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டுமோ என்ற பயம்!

திறந்தால் வருவது பட்டிகளும் படங்களும் கொண்ட முகப்புத் திரைதான். லினக்ஸில் இயங்குதளம் வேறு, முகப்பு வேறு. வீட்டை இடிக்காமல் வாசலை மாற்றுவதுபோல் முகப்பை மட்டும் மாற்றலாம். 1996இல் தொடங்கிய கே.டி.இ., 1997இல் தொடங்கிய க்னோம் இரண்டுமே இலவசம். நினைவகம் குறைந்த பழைய கணினிக்கு எக்ஸ்.எஃப்.சி.இ. ஏற்றது. இருப்புப் பதிவேட்டில் மட்டும் ஓடுகிற கணினிகள் நம்மிடம் உண்டே, அவற்றில் போட்டுப் பாருங்கள். முதலில் பென்டிரைவிலிருந்தே இயக்கலாம். நிறுவாதவரை வன்தட்டில் உள்ளது அழியாது.

எனக்குப் பெரிதாகப் படுவது மொழிதான். கே.டி.இ.யைத் தன்னார்வலர்கள் தமிழாக்கியிருக்கிறார்கள். அமைப்பில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் 'கோப்பு', 'சேமி' என்று பட்டி வரும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தானே வாசித்துச் சொடுக்கும். தொடக்கப் பள்ளிக்கு அதே குடும்பத்தின் 'ஜிகாம்ப்ரி' இருக்கிறது. சுட்டி பிடிக்கவும் எண்ணவும் விளையாட்டாகவே பழகலாம்.

இடையிடையே ஆங்கிலம் எட்டிப்பார்க்கும். சில தமிழ்ச் சொற்கள் நமக்கே புரியாது. அவற்றைக் குறித்துத் திருத்தம் அனுப்பலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தமிழாசிரியர்கள் இதற்கு அவசியம் வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு 8 ஜி.பி. பென்டிரைவ் கொண்டுவாருங்கள். இங்கேயே ஏற்றிப் பார்ப்போம்.