டிக்கெட்டுங்கிறது தலைக்கட்டு வரி மாதிரி

தர்மபுரியில இருந்து பேசுறேன். வர்ற சனிக்கிழமை ராத்திரி பெங்களூர் இந்திராநகர்ல ஒரு சின்ன கிளப்ல மூணு இண்டி பேண்ட் வாசிக்கிறாங்க. எல்லாமே அவங்க சொந்தப் பாட்டு. நான் போறேன், நீங்களும் வாங்கன்னு கூப்பிடத்தான் இந்த எபிசோட். கூடவே ஒரு கோரிக்கை: வர்றதா இருந்தா இன்னைக்கே டிக்கெட் எடுங்க. வாசல்ல பாத்துக்கலாம்னு விடாதீங்க.

ஏன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாப்போம். 150 பேர் நிக்கக்கூடிய இடம், டிக்கெட் 400 ரூபாய்னு வச்சுக்குங்க. 60 பேர் வந்தா 24,000. சவுண்ட் இன்ஜினியர், டிரம் கிட், ஆம்ப் வாடகைன்னு 12,000 போயிடுச்சுன்னா மிச்சம் 12,000. மூணு பேண்ட்லயும் சேத்து 12 பேர்னா ஆளுக்கு 1,000 ரூபாய். வண்டிச் செலவுக்கே சரியாப் போகும். இதே 150 பேரும் வந்தா 60,000. செலவு அதே 12,000தான். ஆளுக்கு 4,000 கிடைக்கும். கூட்டம் ரெண்டரை மடங்குதான் கூடுது, வாசிக்கிறவங்க கைக்கு நாலு மடங்கு போகுது. செலவைத் தாண்டினதுக்கு அப்புறம் உள்ள வர்ற ஒவ்வொரு ஆளோட காசும் நேரா அவங்களுக்குத்தான்.

நிகழ்ச்சி நடத்துறவங்க வாரத்து நடுவுலயே எத்தனை டிக்கெட் போயிருக்குன்னு பாப்பாங்க. எண்ணிக்கை கம்மின்னா அடுத்த மாசம் பேண்டுக்குப் பதிலா ஒரு டிஜேவைக் கூப்பிட்டுக்குவாங்க. செலவும் கம்மி, தலைவலியும் கம்மி.

இந்த மாதிரி இடங்கள் நிரந்தரம்னு நினைக்காதீங்க. அதே இந்திராநகர்ல 2013-ல ‘தி ஹம்மிங் ட்ரீ’ன்னு ஒரு இடம் ஆரம்பிச்சாங்க. நாடு முழுக்க இருந்து இண்டி பேண்டுகள் வந்து வாசிச்ச மேடை அது. 2018 ஜனவரியில, பொழுதுபோக்கு இடங்களுக்குப் போலீஸ் லைசென்ஸ் கட்டாயம்னு சொல்ற பெங்களூரோட 2005 உத்தரவு செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அந்த வருஷமே போலீஸ் கெடுபிடி ஏறி, பல இடங்கள்ல லைவ் மியூசிக் நின்னுபோச்சு. 2019-ல ஹம்மிங் ட்ரீயும் மூடியாச்சு.

சின்ன மேடை போனா என்ன, யூடியூப் இருக்கேன்னு கேப்பீங்க. 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்துல ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 19 பேரோட முதல் தடவை மேடை ஏறினப்போ பெருங்கூட்டம் கூடுச்சு. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில. அந்தக் குழுவைக் கட்டின டென்மா, அதுக்கு முன்னாடியே கபேர் வாசுகியோட சேந்து ‘குரங்கன்’ங்கிற பேர்ல தமிழ் இண்டி பண்ணிட்டு இருந்தவர். பெரிய மேடைக்கு யாரும் திடீர்னு வந்துடறதில்ல. எந்த வரிக்குக் கூட்டம் தலையாட்டுது, எந்த இடத்துல போனை எடுக்குதுங்கிறது பத்தடி தூரத்துல ஆள் நின்னாத்தான் தெரியும்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. தர்மபுரி பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து எப்படி நடக்குது? கூட்டம் வருதான்னு பாத்துட்டுக் காசு கொடுக்கிறதில்ல. வீட்டுக்கு இவ்வளவுன்னு முன்னாடியே தலைக்கட்டு வரி வசூல் பண்ணிட்டுத்தான் கூத்தாடிகளுக்கு வெத்தலைபாக்கு வைப்பாங்க. விடிய விடிய ஆடுறவங்களுக்குச் சம்பளம் உண்டுன்னு ஊரே முன்கூட்டிச் சொல்ற உறுதி அது. நீங்க ஆப்ல எடுக்கிற 400 ரூபாய் டிக்கெட்டும் அதே உறுதிதான்.

தர்மபுரியில இருந்து வர்றவங்களுக்கு: கிருஷ்ணகிரி, ஓசூர் வழியா 130 கிலோமீட்டர் சுமார். ஓசூர் ரோடு டிராஃபிக்கை நினைச்சு மத்தியானமே கிளம்புங்க. வயசுக்கு அடையாள அட்டை கேப்பாங்க, மறக்காதீங்க. காதுக்கு இயர்பிளக் எடுத்துக்குங்க. திரும்புறதுக்கு சில்க் போர்டுல சேலம் பஸ் ஏறலாம்.

முக்கியமா, முதல் பேண்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உள்ள வந்துடுங்க. காலி ஹால்ல வாசிக்கிறது எப்பவும் அவங்கதான். சனிக்கிழமை, மேடைக்கு முன்னாடி பாப்போம்!