கரிசல் மண்ணும் வீட்டு விரிசலும்

கோடைக் காலத்தில் கோவிற்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் வட்டாரங்களில் கரிசற் காட்டின் வழியே நடந்து சென்றவர்கள், நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைக் கண்டிருப்பார்கள். ஊன்றுகோலை உள்ளே விட்டால் முழுவதும் இறங்கிவிடும் அளவுக்குச் சில வெடிப்புகள் ஆழமானவை. ஐப்பசி மழை நன்றாகப் பெய்துவிட்டால் அவை இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். பருத்தி விளைவிக்கும் உழவருக்கு இம்மண் ஒரு வரம். ஆனால், ஆண்டுதோறும் பருத்தும் சுருங்கியும் அசையும் இந்த நிலத்தின் மேல்தான் நாம் வீடும் கட்டுகிறோம். வெடித்த நிலம் மழையில் மீண்டும் கூடிக்கொள்ளும்; வெடித்த சுவருக்கு அந்த வித்தை தெரியாது.

நேயர்களே, வாழ்நாள் சேமிப்பையெல்லாம் போட்டுக் கட்டிய வீட்டில், இரண்டாம் கோடையிலேயே சன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாக ஓடினால் மனம் என்ன பாடுபடும்! சிலர் கொத்தனாரை நொந்துகொள்கிறார்கள். சிலர் சிமெண்டைக் குழைத்து அப்பி, வெள்ளையடித்து மறைக்கிறார்கள். அடுத்த ஆண்டு அது மீண்டும் தலைகாட்டுகிறது. இன்னும் சிலர் அஞ்சி, வீட்டையே வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இம்மூவரும் நோயைச் சுவரிலேயே தேடுகிறார்கள். நோயோ சுவருக்குக் கீழே, மண்ணில் நீர் ஏறி இறங்குவதில் இருக்கிறது. மருத்துவமும் அங்கிருந்தே தொடங்கவேண்டும்.

கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமக் கனிமம் மிகுதி. மிக மெல்லிய ஏடுகளை அடுக்கி வைத்தாற்போன்றது அதன் அமைப்பு. நீர் அந்த ஏடுகளின் இடையே புகுந்து அவற்றை விலக்குகிறது, மண் பருக்கிறது. நீர் வெளியேறினால் ஏடுகள் நெருங்குகின்றன, மண் சுருங்குகிறது. இம்மாதிரி மண் தென்மாவட்டங்களில் மட்டுமே உண்டு என்று எண்ணவேண்டா. கோவை மாவட்டத்தின் சில பகுதிகளிலும், சென்னை நகரின் சில பகுதிகளிலுங்கூட நீரால் பருக்கும் களிமண் உண்டு.

வீட்டடி மண் முழுவதும் ஒரே அளவாக ஏறி இறங்குமானால் கேடில்லை. அவ்வாறு நடப்பதில்லை. வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் வெயிலும் படாது, மழையும் விழாது. அங்கே ஈரம் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கும். ஓரங்களிலோ கோடையில் மண் காய்ந்து தாழ்கிறது. மழையில் பருத்து எழுகிறது. கான்கிரீட்டு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும்; இழுவிசையையோ, அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே தாங்கும். செங்கற் சுவரும் இழுவிசைக்கு எளிதில் இளகிவிடும். ஆகவே ஓரம் தாழ்ந்தவுடன், வலுக்குறைந்த இடமாகிய கதவு, சன்னல் மூலைகளில் வெடிப்புக் காண்கிறது.

விரிசலின் வடிவமே அதன் வரலாற்றைக் கூறும். மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தால், பெரும்பாலும் ஓரங்கள் தாழ்ந்திருக்கின்றன. கீழே அகன்றிருந்தால், நடுப்பகுதி தாழ்ந்திருக்கலாம். அல்லது ஓரங்கள் எழுந்திருக்கலாம். மழைக்காலத்தில் கதவு இறுகுவதும், கோடையில் தளர்வதும் மண்ணின் அசைவுக்குத் துணைச் சான்றாகலாம். மரக்கதவு தானே ஈரத்தில் பருப்பதையும் மறந்துவிடலாகாது. பூச்சில் வலைபோலப் பரவும் மெல்லிய கீறல்கள் வேறு வகை. நீராற்றுதல் போதாமையால் வருபவை. கம்பியின் போக்கிலேயே ஓடித் துருக்கறை காட்டும் வெடிப்பும் வேறு. அது கம்பி துருப்பிடித்ததன் விளைவு. இவற்றுக்கு மண்ணின்மேல் பழி சுமத்தலாகாது.

அடுத்து, விரிசல் இன்னும் அசைகிறதா, நின்றுவிட்டதா என்று அறியவேண்டும். அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். இருபுறமும் ஒவ்வோர் ஆணி அறைந்து, இடைத்தூரத்தை மாதந்தோறும் அளந்து குறித்து வாருங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழியும்வரை பொறுத்திருப்பது நன்று. கோடையில் அகன்று நிற்கும் பிளவில் இறுகிய சிமெண்டுச் சாந்தை அடைத்தால், மழை வந்து சுவர் கூட முயலும்போது அச்சாந்தே ஆப்புப்போல நின்று தடுக்கும்; பக்கத்தில் புது வெடிப்பு உண்டாகும்.

ஆனால் இந்த ஓராண்டும் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. நீரை ஒழுங்குபடுத்தும் வேலையை இன்றே தொடங்கலாம். கூரைநீர் சுவரடியில் விழாமல் குழாய்வழி தொலைவில் சேரட்டும். கசியும் குழாய்களையும் சாக்கடையையும் செப்பனிடுங்கள். வீட்டைச் சுற்றி 4 அடிக்குக் குறையாத அகலத்தில், வெளிப்புறம் சரிவாகத் தளம் அமையுங்கள். சுவரும் தளமும் சேரும் இடத்தை நீர் புகாதபடி அடையுங்கள். சுவரடியில் வாழையும் பூச்செடியும் வைத்து நாள்தோறும் நீர் பாய்ச்சுவது ஆகாது. பெருமரங்கள், வளர்ந்தபின் எவ்வளவு உயரமாகுமோ அவ்வளவு தூரம் தள்ளி நிற்பது நலம். அதற்காக, வீட்டருகே நெடுநாள் நின்ற மரத்தைத் திடீரென்று வெட்டிவிடவும் வேண்டா. வேர் உறிஞ்சிவந்த நீர் மண்ணிலேயே தங்கி, நிலம் பருத்து எழும்.

அசைவு நின்ற பிறகே அடைப்பு வேலை. செங்கற் சுவரில் விரிசலை அகழ்ந்து, தூசு நீக்கி, நனைத்து, சிமெண்டு ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு கலந்த மென்மையான சாந்தால் நிரப்பலாம். பிளவு பெரிதானால், சில வரிசைகளுக்கு ஒருமுறை குறுக்கே கம்பி பதித்துத் தைப்பதுண்டு. கான்கிரீட்டு உத்திரத்தில் நின்றுபோன வெடிப்பை எப்பாக்சிப் பிசின் செலுத்தி ஒட்டலாம். சிறிது அசைந்துகொண்டே இருக்கும் விரிசலுக்கு, இழுபடக்கூடிய ரப்பர்போன்ற அடைப்பே ஏற்றது. கால் அங்குலத்துக்கு மேல் அகன்றாலும், தூணிலோ உத்திரத்திலோ வெடித்தாலும், சுவர் சாய்ந்தாலும், காத்திராமல் உடனே பொறியாளரை அழைத்துவிடுங்கள்.

இனிமேல் கட்டப்போகிறவர்களுக்கு ஒரு சொல். உலர்த்திச் சலித்த மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குவளைகளில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் பருக்காது. நீரில் படிந்த மண் அதைவிட அரைப்பங்கு மிகுதியாக இருந்தாலே எச்சரிக்கை வேண்டும். கடைக்காலில் மணலை நிரப்பினால் போதும் என்பது தவறான நம்பிக்கை. வடிகால் இல்லாவிடில் அந்த மணற்குழியே நீர்த்தொட்டியாகிவிடும். 1947-இல் தோன்றிய ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், கரிசலுக்கென்றே அடியில் குமிழ்போல அகன்ற கான்கிரீட்டுத் தூண் அடித்தளத்தை வகுத்துப் பரப்பியது. ஈரம் மாறாத ஆழத்தில், சுமார் 12 அடிக்குக் கீழே, அந்தக் குமிழ் ஊன்றி நிற்கும். மேலே தூண்களை இணைக்கும் உத்திரத்துக்கும் நிலத்துக்கும் இடையே சில அங்குலம் வெற்றிடம் விடுவார்கள். மண் பருத்தாலும் உத்திரத்தைத் தூக்காது.

கரிசல் மண்ணின் இயல்பை நாம் மாற்ற இயலாது. அதன் ஈரம் ஏறி இறங்காமல் காக்க இயலும். சுவரைப் பூசுவதற்கு ஒதுக்கிய பணத்தை முதலில் நீர் வடியும் வழிக்குச் செலவிடுங்கள். பிறகு பூசும் பூச்சு நிலைக்கும்.