சீனி ஆலை வீட்டுப் பிள்ளை: ஓவியர் அஃபாண்டி



தோட்டத்துப் பிள்ளை ஒன்று லயத்துச் சுவரில் அடுப்புக்கரியால் படம் கிறுக்கினால் அதற்கு முதலில் கிடைப்பது என்ன? “படம் போட்டா சோறு கிடைக்குமா?” என்ற அதட்டல்தானே! சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான் என்று பேராக்கில் எந்தத் தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அதட்டியவர்களைக் குறை கூறுவதற்கில்லை. விடியுமுன் பிரட்டுக்கு ஓடி, மங்கில் சொட்டும் பாலை நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள்.

இதே கேள்வியோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கு நின்ற ஓவியர் ஒருவர் நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் இருந்தார். அவர் பெயர் அஃபாண்டி. 1907-ஆம் ஆண்டு மேற்கு ஜாவாவின் சிரெபோன் நகரில் பிறந்தவர். தந்தை, டச்சுக்காரர் காலத்துச் சீனி ஆலையில் நில அளவையாளர். அங்கே கரும்பு, இங்கே ரப்பர்; துரைமார் மட்டும் இரண்டு இடத்திலும் உண்டு!

பள்ளிப் படிப்பை விட்டு ஓவியத்தின் பின்னால் போன அஃபாண்டி, பண்டுங் நகரில் வீடுகளுக்குச் சாயம் அடித்தார். சினிமா கொட்டகையில் டிக்கெட் வேலை பார்த்தார். விளம்பரப் பலகையும் வரைந்தார். மிஞ்சிய சாயத்தை வீணாக்காமல் தம் சொந்தப் படங்களை வரைந்தார். சோற்றுக்கு ஒரு வேலை, ஓவியத்துக்கு அதன் மிச்சம். சோறா, படமா என்ற கேள்விக்கு அவர் கண்ட பதில் இதுதான்.

ஜப்பானியர் ஆட்சியில், 1943-இல், ஜகார்த்தாவில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது. மறு ஆண்டு ஒரு பிச்சைக்காரரை வரைந்தார். அவர் வருகிறார், காத்திருக்கிறார், போகிறார். ஒரே மனிதர், ஒரே படத்தில் மூன்று நிலை. அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் பிடித்துச் செல்லப்பட்டபோது, ஜாவாவிலிருந்து ‘ரோமுஷா’ என்ற பெயரில் அந்த நாட்டு ஏழைகளும் கொண்டுவரப்பட்டார்கள். ஒரே காட்டில் இரு மொழிக்காரர்களும் மாண்டார்கள். நம் பக்கத்துக் கதையைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்டோம். ஆனால் அந்தப் பசியை அதே ஆண்டுகளில் நேரில் பார்த்துத் துணியில் பதித்த ஒரு கை ஜாவாவில் இருந்தது!

1945-இல் சுதந்திரப் போராட்டம் மூண்டதும், சங்கிலியை அறுக்கும் மனிதனைச் சுவரொட்டியாக வரைந்தார். அதற்கான வாசகத்தைத் தந்தவர் கவிஞர் சைரில் அன்வார்.

1949-இல் இந்திய அரசின் உதவியோடு, தாகூர் நிறுவிய சாந்திநிகேதனுக்கு ஓவியம் பயிலச் சென்றார். மனைவி மர்யாத்தி, மகள் கார்த்திகா ஆகியோரும் உடன் சென்றனர். (கார்த்திகா என்றால் இந்தோனேசிய மொழியில் விண்மீன். நம் கார்த்திகைக்கு உறவுக்காரச் சொல்தான்.) ஆனால் அவர் படங்களைப் பார்த்தவர்களோ, இவருக்கு இங்கே பாடம் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறொருவராக இருந்தால் அந்தப் பெருமையோடு ஊர் திரும்பியிருப்பார். இவர் படிப்புக்கு வைத்திருந்த பணத்தைக் கொண்டு 1951 வரை இந்தியாவைச் சுற்றினார். போன இடத்தில் கண்டவர்களை வரைந்தார்; பெருநகரங்களில் கண்காட்சி வைத்தார்.

பிறகு ஐரோப்பா. 1950-களின் தொடக்கத்தில்தான் அவர் தூரிகையைக் கைவிட்டார். மனத்தில் எழுந்த வேகத்துக்குத் தூரிகை ஈடு கொடுக்காத ஒரு நேரத்தில், சாய டியூபைத் துணியின்மேல் நேராகப் பிதுக்கினார். கோடு உயிரோடு எழுந்து நின்றது! அன்றிலிருந்து டியூபும் விரலும் உள்ளங்கையும்தான் அவருடைய கருவிகள். தேர்ந்த பால்வெட்டுக்காரர் பட்டையில் கோடு இழுக்கும்போது கத்தி வேறு, கை வேறு என்று தெரியாதல்லவா? அதுபோலத்தான். வெயிலில் நின்றபடி, ஓரிரு மணி நேரத்தில் ஒரு படத்தை முடித்துவிடுவார்.

கண்ணால் கண்டதை அப்படியே காட்டாமல், கண்டபோது நெஞ்சு பட்ட பாட்டைக் காட்டும் இந்தப் பாணியைத்தான் எக்ஸ்பிரஷனிசம் என்கிறார்கள். அஃபாண்டிக்குக் கோட்பாடு பேசுவதில் நாட்டமில்லை. 1954-இல் வெனிஸ் பியென்னாலே கண்காட்சியில் பரிசு கிடைத்தது; 1974-இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. ஆனாலும் அவர் வரைந்தவர்கள் என்னவோ பிச்சைக்காரர்கள், மீனவர்கள், சேவல் கட்டுக்காரர்கள், பிறகு தம்முடைய சுருக்கம் விழுந்த முகம். சூரியன், கைகள், கால்கள் மூன்றையும் தம் அடையாளமாகவே வைத்துக்கொண்டார்.

நம் ஈப்போ பழைய நகரில் 2014-இல் லிதுவேனிய ஓவியர் ஒருவர் வரைந்த காப்பி குடிக்கும் முதியவர் படத்தின் முன்னால் நின்று படமெடுக்க இன்றும் கூட்டம் வருகிறது. நல்லதுதான். ஆனால் லயங்கள் இடிந்து, செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்ட தோட்டங்களில், பால்வாளி சுமந்து தோள் இறங்கிய பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்களே, அவர்கள் முகத்தை யார் வரைவது? அடையாளக் கார்டில் இருப்பதைத் தவிர வேறு படமே இல்லாத பாட்டிகள் எத்தனை பேர்! அதற்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டுமா? பேரப்பிள்ளையின் கையில் ஒரு பென்சில் போதாதா?

அஃபாண்டி 1990 மே 23-இல் காலமானார். 2,000-க்கும் மேற்பட்ட படங்களை விட்டுச் சென்றவர், ஜோக்ஜகார்த்தாவில் காஜா வோங் ஆற்றோரம் தாமே வடிவமைத்த வீட்டு வளாகத்தில் அடக்கமாகியுள்ளார். வாழை இலை போலக் கூரை வேய்ந்த அந்த வீடு இன்று அருங்காட்சியகம். மகள் கார்த்திகாவும் அப்பாவைப் போலவே விரலால் வரைந்து பெயர் பெற்றவர். அவருடைய படங்களும் அங்கே உண்டு.

ஜோக்ஜாவுக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் போரோபுதூரையும் பிரம்பனான் சிவாலயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நகரிலிருந்து பிரம்பனானுக்குப் போகும் சாலையிலேயே இந்த வீடு இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் அங்கே ஒரு மணி நேரம் இறங்கிக்கொள்ளலாம். துணியின்மேல் பிதுக்கி விரலால் இழுத்த சாயம் வரப்பு வரப்பாகக் காய்ந்து நிற்பதைப் பிள்ளைகள் கிட்டத்தில் பார்க்கட்டும்.